பீலித் தண்ணியும் மேட்டுக் காடும்



பீலிக்குத் தண்ணி எங்கிருந்து வருகுது என்று பிள்ளைகள் கேட்டால், "மலையிலிருந்து" என்கிறோம். "காட்டிலிருந்து" என்பதே சரியான பதில். இம்முறை அதைப் பற்றிப் படிப்போம்.

ஒரு காலம் ஹட்டன், மஸ்கெலியா பக்கமெல்லாம் பெருங்காடு. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக வெள்ளைக்காரத் துரைமார் அதை வெட்டுவித்தார்கள். 1873 இல் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞரின் யோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவைக்க அரசாங்கம் தீர்மானித்தது. சிவனொளிபாதமலைக் காடு 1940 இல் சரணாலயமாகி, 2010 இல் உலக மரபுரிமையிலும் சேர்ந்தது.

மரத்துப் பாசி மூடுபனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறது. சருகும் மண்ணும் மழையைக் குடித்து வைத்து, வெயில் மாதங்களில் மெல்ல மெல்ல விடுகின்றன. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் இப்படித்தான் பிறந்து, களனி கங்கையாகிக் கொழும்பு வரை போகின்றன.

நாங்கள் போன ஒரு தோட்டத்தில், ஊற்றைச் சுற்றியிருந்த மரங்களை வெட்டிய பிறகு மாசியில் பீலி நூலாய் இழைந்தது. அம்மாமார் விடியக்காலை நாலு மணிக்கே குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

காடு அரசாங்கத்துடையது. ஆனால் அடுப்பு நம்முடையது. 2022 இல் கேஸ் கிடைக்காமல் போனபோது, கேஸ் அடுப்பு வைத்திருந்த வீடுகளும் விறகுக்குத் திரும்பின. அதனால் விறகு பொறுக்கப் போகிறவர்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. கவ்வாத்து மிலாறையும் தோட்டத்து விறகையும் வீட்டுக்கு வீடு நியாயமாகப் பங்கிட்டால், காட்டுக்குள் போகும் தேவை குறையும். தலைவர்மாரும் நிர்வாகமும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. நேபாளத்தில் 1993 இல் வந்த சட்டத்தின் மூலம், கிராமத்தார் குழு அமைத்து அரசாங்கக் காட்டைப் பராமரித்து, விறகையும் புல்லையும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ள வழி பிறந்தது. அந்த முறையை நாம் தோட்டத்து விறகில் தொடங்கலாம்.

இரண்டு காரியம் மட்டும் வேண்டவே வேண்டாம். வெயில் காலத்தில் மானாப் புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். தீ காட்டுக்குள் ஏறிவிடும். கம்பிச் சுருக்கு வைக்காதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது. அங்கே ஒரு பிள்ளையின் காலும் மாட்டியிருக்கலாம்.

வீட்டில் பேச:
1. நம் பீலியின் ஊற்று எங்கே? பிள்ளைகளுக்குக் காட்டினோமா?
2. தை, மாசியில் தண்ணி முந்தி வந்தமாதிரி வருகுதா?
3. ஊற்றைச் சுற்றி ஒரு மரமும் வெட்டுவதில்லை என்று லயத்தார் எல்லோரும் பேசி முடிவெடுக்க முடியுமா?