வேலையில் இருந்தபடியே தொழில் பழகலாம்!

* உங்கள் பிரிவில் எது வீணாகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். மேலாளரிடம் குறையாகச் சொல்லாமல், செலவுக் கணக்கும் தீர்வுமாகச் சொல்லுங்கள்.

* யோசனையை மறுத்துவிட்டார்களா? வாதாட வேண்டாம். 'எதை மாற்றினால் சரிவரும்?' என்று கேட்டு, திருத்திக்கொண்டு மறுபடி போங்கள்.

* ஸ்டோர்ஸ், கணக்குப் பிரிவு, டிரைவர்கள் என எல்லோரோடும் பழகுங்கள். நெருக்கடியில் கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான்.

* பாராட்டு கிடைத்தால், உடன் உழைத்தவர்களின் பெயரையும் அங்கேயே சொல்லுங்கள்.

* சொந்தத் தொழில் ஆசையா? ஆறு மாதக் குடும்பச் செலவைச் சேர்த்த பிறகே வேலையை விடுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசின் 'உத்யம்' பதிவு இலவசம். இடைத்தரகருக்குப் பணம் தராதீர்கள். அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 'சிசு' பிரிவின் கீழ் ரூ.50,000 வரை பிணையில்லாமல் கடன் கேட்கலாம்.