செங்காந்தள் அழிந்து வரும் செடியா?

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரத்தில் புரட்டாசி மழை பிடித்ததும், கிளுவை வேலிகளிலும் புதர்க்காடுகளிலும் தீச்சுடர் போன்ற பூ ஒன்று தலை நீட்டும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் இதுதான். இது அழிந்து வரும் செடி என்கிறார்களே, வேலியில் உள்ள கிழங்கைத் தோண்டி விற்கலாமா என்று விவசாய அன்பர்கள் கேட்பதுண்டு.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, வெண்தோண்டி ஆகிய அனைத்தும் ஒரே செடியின் பெயர்கள். கார்த்திகை வரை பூப்பதால் கார்த்திகைப்பூ. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையால் கண்வலி. கிழங்கு ஏர்க்கலப்பை போல் கவைத்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. வைத்தியர்கள் சொல்லும் இலாங்கலி என்ற வடமொழிப் பெயரும் கலப்பையைக் குறிப்பதே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களில் முதலாவது காந்தள். அதே வரிசையில் தோன்றி என்றும் ஒரு பூ வருகிறது. இரண்டும் ஒன்றா வேறா என்பதைப் புலவர்களுக்கு விட்டுவிடுவோம். சுவீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இதற்கு வைத்த பெயர் குளோரியோசா சூப்பர்பா. உலகெங்கும் செல்லுபடியாகும் பெயர் அது ஒன்றே.

பெயருக்கு ஏன் இவ்வளவு இடம் என்று கேட்கலாம். வியாபாரி கலப்பைக்கிழங்கு கேட்பார், வைத்தியர் இலாங்கலி கேட்பார். மூன்றும் ஒன்றென்று அறியாதவர், சந்தைக்குக் கிழங்கு போவதையும் வேலியில் கார்த்திகைப்பூ குறைவதையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இனி பாதுகாப்பு நிலை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது 'கவலை குறைந்த' இனமாகவே உள்ளது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவலாகக் காணப்படுவதே காரணம். ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் களையாகவே பரவிவிட்டது. ஆகவே உலக அளவில் இதை அழிந்து வரும் இனம் என்பது சரியல்ல. ஆனால் அந்தப் பட்டியல் நம் ஊர் வேலியை எண்ணிச் சொன்னதல்ல. இங்கே செடி மறைய இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வேலியையும் புதரையும் வேரோடு அகற்றுவது. மற்றொன்று, கிழங்கு தோண்டுவது.

இச்செடியின் விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் என்ற மருந்துப்பொருள் உள்ளது. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதத்துக்கு அது மருந்து. விதையில்லாத் தர்பூசணி உருவாக்கப் பயிர்ப்பெருக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துவதும் அதையே. இதற்காக மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் செங்காந்தள் பயிராகிறது. தொடக்கத்தில் நடவுக் கிழங்குகள் காட்டிலிருந்துதான் வந்தன.

தோண்டினால் ஏன் மீளாது? கிழங்கின் இரு கைகளுக்கும் நுனியில் ஒவ்வொரு முளைதான் உண்டு. கடப்பாரை பட்டு நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. பழைய கிழங்கு ஆண்டுதோறும் வற்றி, புதிய கவைக்கிழங்கு அதன் இடத்தில் தோன்றும். ஆதலால் பெருக்கம் மெதுவாகத்தான் நடக்கும். விதையிலிருந்து வளர்த்தால் பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஒரு நாளில் தோண்டியதை ஈடுகட்ட அத்தனை காலம் வேண்டும்.

காப்புக்காட்டில் தோண்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சொந்த வேலியில் உள்ளதைத் தோண்டி விற்பதும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு வேலியில் கிடைக்கும் சில கிலோவால் வரும் பணம் பெரிதல்ல. பயிரிட விரும்புவோர், விளைந்த வயலை நேரில் பார்த்து அங்கேயே கிழங்கு வாங்குதல் நலம்.

வேலியைச் செப்பனிடும்போது, காய்ந்த கொடியைத் தை மாதத்துக்குப் பின் அறுத்துவிடலாம், தோண்ட வேண்டாம். சில காய்களையாவது வெடித்து விதை சிந்த விடவும். வேலியை அகற்றியே தீர வேண்டுமானால், பூக்கும்போதே இடத்தை அடையாளமிட்டு, மாசி, பங்குனியில் கிழங்கு உறங்கும்போது நுனி ஒடியாமல் எடுத்து, தண்ணீர் தேங்காத செம்மண் மேட்டில் நான்கு விரல் ஆழத்தில் புதைக்கவும். ஆனி, ஆடி மழைக்கு முளைக்கும். பற்றிப் படர அருகில் ஒரு கிளுவைக் கொம்பு நட்டால் போதும். இலை நுனியே சுருண்டு பிடித்துக்கொள்ளும்.

கிழங்கைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். செடி முழுவதும் கடும் நஞ்சு. ஆடு, மாடு கடிக்க விடலாகாது. வள்ளிக்கிழங்கு என்று எண்ணிச் சமைத்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், மீதிக் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.