துப்பாக்கியின் குதிரைக்கு எந்த எண்ணெய்?

இயந்திரம் என்று ஒன்று இருந்தால் அதற்கு எண்ணெயும் வேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. கிணற்று இராட்டினம் கிரீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம். தையல் இயந்திரம் இறுகினாலும் எண்ணெய் விடுகிறோம். ஆனால் எதற்கு எந்த எண்ணெய், எத்தனை துளி என்று நாம் சிந்திப்பது அரிது. தேசிய மாணவர் படையில் சேர்ந்து .22 ரைபிளைக் கையிலேந்தும் மாணவியராகிய எங்களுக்கு இது சாதாரணக் கேள்வி அன்று. குதிரை எனப்படும் விசைப் பகுதி கெட்டுப்போனால், துப்பாக்கி சுட வேண்டிய நேரத்தில் சுடாது. சுடக் கூடாத நேரத்தில் சுட்டுவிடவும் கூடும். அருகில் படுத்துக் குறி பார்க்கும் தோழியின் உயிரே அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் குதிரை வேலை செய்யும் விதத்தைக் காண்போம். துப்பாக்கியின் உள்ளே ஒரு சுருள்வில் இறுக்கமாக அழுந்தி நிற்கிறது. அதன் முன்னே தோட்டாவின் அடியைத் தாக்கும் ஊசி இருக்கிறது. ஊசி பாய்ந்துவிடாமல் ஒரு சிறு எஃகுத் தடுப்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. இத்தடுப்பிற்கு ‘சியர்’ என்று பெயர். நாம் விரலால் குதிரையை இழுக்கும்போது சியர் மெல்ல நகர்ந்து விலகுகிறது; உடனே வில் விரிந்து ஊசி முன்னே பாய்கிறது. சியரும் ஊசிப் பகுதியும் தொட்டுக்கொள்ளும் இடம் நம் சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இராது. வில்லின் வலிமை முழுவதும் அந்தச் சிறு விளிம்பின் மேல் நிற்கிறது. ஆகவே அங்கே உராய்வு மிகுந்தால் இழுப்பு கரடுமுரடாகும், கை அசையும், குறி தவறும். விளிம்பு தேய்ந்துவிட்டாலோ, தடுப்பு நழுவும் அபாயமும் உண்டு.

எண்ணெயைத் தேர்ந்தெடுக்க விஞ்ஞானம் ஓர் எளிய விதியைத் தருகிறது. வேகமாகச் சுழன்று குறைந்த பாரம் தாங்கும் பாகத்திற்கு நீர்த்த எண்ணெய். மெதுவாக நகர்ந்து அதிகப் பாரம் தாங்கும் பாகத்திற்குக் கெட்டியான மசகு. எண்ணெயின் இந்தக் கெட்டித் தன்மையையே பாகுநிலை என்கிறோம். நம் தாமிரபரணிக் கரையிலேயே இதற்கு உதாரணங்கள் உள்ளன. பாபநாசம் அருவியின் நீர் வலிமையைக் கொண்டு, ஹார்வி சகோதரர்கள் 1880களில் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலை அமைத்தார்கள். நூல் ஆலையின் கதிர்கள் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்பவை. அவற்றுக்கு மெல்லிய எண்ணெய்தான் ஏற்றது. கெட்டியான எண்ணெய் கதிரைப் பிடித்து நிறுத்தும். வயல்களிலிருந்து நெல் மூட்டை ஏற்றி வரும் மாட்டு வண்டியோ மெதுவாகச் செல்வது. அதன் அச்சுக்கு, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த ‘வண்டி மை’யை நம் முன்னோர் இட்டார்கள். மெல்லிய எண்ணெய் இட்டிருந்தால் மூட்டைப் பாரத்தில் பிதுங்கி வழிந்திருக்கும்.

குதிரைப் பகுதி இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? அளவில் கதிரைவிடச் சிறியது. வேலையிலோ வண்டி அச்சைப் போன்றது. நகர்வு மெதுவானது, அழுத்தம் பெரியது. ஆகவே சியரின் விளிம்பிற்கு, பற்றிக்கொண்டு நிற்கும் கிரீஸ் ஊசிமுனை அளவு போதும். குதிரை அசையும் அச்சாணிக்கு மட்டும் மெல்லிய கனிம எண்ணெய் ஒரு துளி. இதுவே பொது முறை.

வீட்டிலுள்ள எண்ணெய் உதவாதா என்று சிலர் கேட்கலாம். ஒவ்வொன்றாக ஆராய்வோம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் அது கட்டியாக இருப்பதை நாமே காண்கிறோம். நாளானால் சிக்கு வாடை வீசும். அப்போது உண்டாகும் அமிலம் எஃகைக் கெடுக்கும். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகும். விளக்கெண்ணெய் முதல் உலகப் போரில் விமான எஞ்சின்களுக்கே பயன்பட்ட வல்லமை உடையது. எனினும் அதுவும் நாளடைவில் பிசுபிசுத்துப் படியும். பிசின் படிந்த சியர் தன் இடத்திற்குத் திரும்பி வராமல் பாதி வழியில் நின்றுவிடலாம். அதுவே பெரிய ஆபத்து. மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும். ஆனால் ஆவியாகிப் போய் இரும்பை வறண்டதாக விட்டுவிடும். தையல் இயந்திர எண்ணெய் பிசினாவதில்லை. ஆயினும் எளிதில் ஓடிவிடும். துருவைத் தடுக்கும் ஆற்றலும் குறைவு. கிராபைட் தூள் பூட்டுக்கு நல்லது. ஈரக் காற்றில் எஃகின் மேல் கிடந்தால் துருவுக்கே துணை செய்யும். எனவே துப்பாக்கிக்கென்று தயாரிக்கப்பட்ட, துருவைத் தடுக்கும் கனிம எண்ணெயோ செயற்கை எண்ணெயோதான் தகுந்தது.

இடத்தையும் காலத்தையும் பார்க்க வேண்டும். நம் மாவட்டக் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். எண்ணெய் இளகி ஓடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்று புழுதியை வாரி வரும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணலோ மாவுபோல நுண்ணியது. எண்ணெய் மிகுந்த இடத்தில் இம்மணல் ஒட்டினால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். தூத்துக்குடிக் கடற்கரையில் உப்புக் காற்று. அங்கே எண்ணெயே பூசாவிட்டால் துரு பிடிக்கும். திருச்சிராப்பள்ளியில் 1966-இல் தோன்றிய படைக்கலத் தொழிற்சாலையில் உருவாகும் ரைபிள் ராஜஸ்தான் மணலுக்கும் போகலாம்; பனிமலைக்கும் போகலாம். 1984 முதல் நம் வீரர்கள் காவல் நிற்கும் சியாச்சினில் குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 50 பாகை வரை இறங்கும். அங்கே சாதாரண எண்ணெய் பாகாக இறுகிக் குதிரையையே முடக்கும். 1941-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ரஷ்யாவில் ஜெர்மானியப் படையின் துப்பாக்கிகள் இவ்வாறே இறுகிப்போயின.

அளவும் முக்கியம். மிகுதியான எண்ணெய் தோட்டாவை நனைத்தால் அது வெடிக்காமல் போகலாம். குழலின் உள்ளே எண்ணெய் தங்கினால் குண்டின் போக்கு மாறும். ஆதலால் சுடுவதற்கு முன் குழலைத் துணியிட்டு உலரத் துடைக்க வேண்டும். எண்ணெய் இடுமுன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை சோதிக்க வேண்டும். குதிரைப் பகுதியைக் கழற்றுவது எங்கள் வேலை அன்று; அது பயிற்சி பெற்ற ஆயுதப் பணியாளரின் வேலை.

இதுவரை இரும்பைப் பற்றிப் பேசினோம். அதைத் தொடும் மனிதரையும் மறந்துவிடலாகாது. இதற்குச் சரித்திரமே சாட்சி. 1857-இல் இந்தியச் சிப்பாய்களுக்கு என்பீல்டு ரைபிள் வந்தது. அதன் தோட்டா குழலுக்குள் இறுக்கமாக இறங்க வேண்டியிருந்ததால் காகித உறையில் மசகு தடவப்பட்டது. அந்த உறையைப் பல்லால் கடித்துத் திறப்பதே வழக்கம். மசகில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்திருப்பதாகச் செய்தி பரவியது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே மனம் புண்பட்டார்கள். கொழுப்பு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதில் அதிகாரிகள் போதிய கவனம் செலுத்தவில்லை. சிப்பாய்கள் தாங்களே மசகு தயாரித்துக்கொள்ளலாம் என்று பின்னர் அனுமதித்தும் ஐயம் தீரவில்லை. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 9 அன்று அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாளே பெரும் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆயினும் தீ பற்றிய இடம் மசகுதான். குழலுக்கு எது பொருந்தும் என்று பார்த்தவர்கள், அதை வாயில் வைக்கும் மனிதனுக்கு எது பொருந்தும் என்று பார்க்கவில்லை.

ஆகவே, தோழியரே, எண்ணெய்க் குப்பியை எடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்போம். பாகம் எவ்வளவு வேகமாக நகர்கிறது? எவ்வளவு பாரம் தாங்குகிறது? எந்த வெயிலில், எந்தக் காற்றில் பயன்படப் போகிறது? அதைக் கையாள்பவர் யார்? இந்நான்கிற்கும் விடை கண்டபின் இடும் ஒரு துளி, ஆராயாமல் ஊற்றும் ஒரு படி எண்ணெயைவிட மேலானது. துப்பாக்கிக்கு மட்டுமன்று, நம் கைக்கு வரும் எல்லாக் கருவிகளுக்கும் இதுவே பொருந்தும்.