நீர்க்கடுப்புக்கு ஆன்டிபயாட்டிக்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஆவடியில் காலை ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட் கார்மென்ட்ஸ் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பலர் நம் தெருக்களில் இருக்கிறார்கள். பையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் பாதி அப்படியே இருக்கும். குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே, மெஷினை விட்டு எழுந்தால் திட்டு விழுமே என்ற பயம். அடக்கி அடக்கி ஒருநாள் எரிச்சல் தொடங்குகிறது. வெளியே சொல்லவும் கூச்சம். மருந்துக்கடையில் கூட்டம் கலையும்வரை நின்று, "அண்ணா, நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று மெல்லக் கேட்கிறார்கள். கத்தரிக்கோல் அட்டையை வெட்டுகிறது. கைக்கு வந்த துண்டில் மருந்தின் பெயர் பாதி, காலாவதித் தேதி இல்லை.

ரெண்டு மாத்திரையில் எரிச்சல் அடங்கலாம். கிருமி ஒழிந்தது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுக்குக் காரணம் இ.கோலை என்ற குடல் பாக்டீரியா. பொருந்தாத ஆன்டிபயாட்டிக் போடும்போதெல்லாம் அந்த மருந்துக்குச் சாகாத கிருமிகள் தங்கிப் பெருகுகின்றன. அடுத்தமுறை அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

செய்ய வேண்டியவை

● முதலில் டாக்டரைப் பாருங்கள். ஆவடி அரசு மருத்துவமனையோ, பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமோ போதும். கர்ப்பமா, சுகர், கிட்னி கோளாறு உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, கடந்த 3 மாதத்தில் ஆன்டிபயாட்டிக் போட்டீர்களா, இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சில ஆன்டிபயாட்டிக் சுகர் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கும்.

● யூரின் கல்ச்சர் எழுதிக் கொடுத்தால், முதல் மாத்திரை போடும் முன்பே சாம்பிள் கொடுங்கள். லேப் தரும் டப்பாவின் உட்புறம் விரல் படக்கூடாது. சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து உடனே கொடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் வர 2, 3 நாள் ஆகும். வந்ததும் டாக்டரிடம் காட்டுங்கள்; மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

● எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நைட்ரோஃபியூரன்டாயின் என்றால் சாதாரணத் தொற்றுக்குப் பெரும்பாலும் 5 நாள். ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி என்றால் தண்ணீரில் கரைத்து ஒரே வேளை. ஆண்களுக்கும், தொற்று கிட்னி வரை போனவர்களுக்கும் நாள் கூடும்.

● நைட்ரோஃபியூரன்டாயினைச் சாப்பாட்டோடு போடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போனால் பயப்பட வேண்டாம். அது மருந்தின் நிறம்.

● ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் 12 மணி நேர இடைவெளி. ஷிஃப்ட் மாறினாலும் இடைவெளி மாறக்கூடாது. செல்போனில் அலாரம் வையுங்கள்.

● பில் போட்டு, பெயரும் தேதியும் தெரியும்படி வாங்குங்கள். ஆன்டிபயாட்டிக் அட்டையிலுள்ள சிவப்புக் கோடு, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்பதன் அடையாளம். செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் போன்றவை 2014 மார்ச் முதல் ஹெச்1 பட்டியலில் உள்ளன. அவற்றை விற்றால் கடைக்காரர் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். 2012-இல் நம் சென்னையில் கூடிய மருத்துவர்கள் வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்', சீட்டில்லாத ஆன்டிபயாட்டிக் விற்பனைக்குக் கடிவாளம் கேட்டது.

செய்யக்கூடாதவை

● போன தடவை மிச்சமான மாத்திரையைப் போடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மருந்து உங்களுக்கும் கேட்கும் என்று நினைக்காதீர்கள்.

● எரிச்சல் நின்றதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நீங்களாக நாளைக் கூட்டவும் கூடாது. ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

● சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் மாத்திரையைப் பாலோடு விழுங்காதீர்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் சிரப் எதையும் அதோடு சேர்க்காதீர்கள். மருந்து உடம்பில் சரியாக ஏறாது. குதிகால் தசைநார் வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

● நீர்க்கடுப்புக்குக் கடையில் தரும் புளிப்பு சிரப்பை, நைட்ரோஃபியூரன்டாயின் போடும்போது கேட்காமல் குடிக்காதீர்கள். அது சிறுநீரின் அமிலத்தைக் குறைத்து, மருந்தின் வேகத்தையும் குறைத்துவிடும்.

● ஹெல்த் செக்கப்பில் 'பஸ் செல்ஸ்' (சிறுநீரில் சீழணுக்கள்) என்று எழுதியிருந்தது என்பதற்காக மட்டும் மாத்திரை வாங்காதீர்கள். தொந்தரவே இல்லாத பெரியவர்கள் பலருக்குச் சிகிச்சை தேவைப்படாது. கர்ப்பிணிகள் மட்டும் கட்டாயம் டாக்டரைக் கேட்க வேண்டும்.

● இளநீரும் பார்லித் தண்ணீரும் நல்லவைதான். ஆனால் அவற்றை நம்பி நாள் கடத்தாதீர்கள். கிட்னி, இதய நோயாளிகள் அளவு கேட்டுக் குடியுங்கள்.

உடனே ஓட வேண்டிய நேரம்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கத்தில் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். மருந்து தொடங்கி 2 நாளாகியும் குறையாவிட்டாலும் டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணி, குழந்தை என்றால் லேசான எரிச்சலுக்கே போக வேண்டும். மாத்திரை போட்டபின் உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த மாத்திரை வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வார்த்தை: பாத்ரூம் போக ஐந்து நிமிடம் விடுவது சலுகை இல்லை. தங்கச்சிகளே, நீங்களும் கூச்சத்தை விட்டுக் கேளுங்கள். சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயிலேறும்போது அந்தப் பாட்டில் காலியாக இருக்கட்டும்.