புதுக்கோட்டையில் நிருபராகச் சேர்ந்திருக்கும் தங்கைக்கு



சேர்ந்த முதல் வாரத்திலேயே உன் செல்போன் எண் நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களுக்குள் போயிருக்கும். மக்கள் தொடர்பு அலுவலரின் செய்திக்குறிப்பும் படமும், எஸ்.பி. அலுவலகத்தின் கைது விவரமும், கட்சிக்காரர்களின் அறிக்கையும், தனியார் மருத்துவமனை நடத்தும் முகாமுக்கான அழைப்பும் மதியத்துக்குள் ஒரு பக்கத்தை நிரப்பிவிடும். நாற்காலியை விட்டு எழாமலே இந்த மாவட்டத்தில் ஒருவர் பல ஆண்டுகள் நிருபராக இருந்துவிடலாம். நீ அப்படி இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம். அதற்கான காரணங்களை வெளியே தேட வேண்டியதில்லை. எல்லாம் புதுக்கோட்டைக்குள்ளேயே இருக்கின்றன.

வேங்கைவயலில் இருந்து தொடங்கலாம். 2022 டிசம்பரில் முத்துக்காடு ஊராட்சி, இறையூர் வேங்கைவயலின் பட்டியல் சாதிக் குடியிருப்பில் குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக நோயில் விழுந்தார்கள். குடிக்கும் தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். டிசம்பர் 26 அன்று மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்குள் மனித மலம் கலந்திருப்பது தெரியவந்தது. அன்றைய ஆட்சியர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேவும் ஊருக்குப் போய் விசாரித்தபோது வேறு இரண்டு விஷயங்களும் வெளியே வந்தன. டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. அய்யனார் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்களுக்கு இடமில்லை. ஆட்சியரே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அந்தப் படம் நாடு முழுக்கப் பரவியது.

தங்கையே, அந்த டீக்கடை முந்தின நாள் முளைத்த கடை இல்லை. அந்தக் கோயில் கதவும் புதிதாகச் சாத்தப்பட்டதில்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து பஸ் ஏறிப் போய்விடக் கூடிய ஊர் அது. அங்கே போய் ஒரு டீ குடித்திருந்தால் எந்த நிருபருக்கும் கிடைத்திருக்க வேண்டிய செய்தி, குடிநீரில் மலம் கலக்கப்பட்டு, ஆட்சியரும் எஸ்.பி.யும் நேரில் போன பிறகே பத்திரிகைக்கு வந்தது. ஊடகம் சமூகத்தில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்று இதழியல் வகுப்புகளில் நிறையப் பாடம் நடக்கிறது. எழுதாமல் விட்டதால் உண்டாகும் விளைவு அந்தப் பாடங்களில் அரிதாகவே வரும். புதுக்கோட்டையில் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

அடுத்து நடந்ததையும் பார். 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. டிஎன்ஏ பரிசோதனை, குரல் மாதிரி என்று மாதங்கள் ஓடின. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டிருப்பதாக உயர் நீதிமன்றத்தில் அரசு சொன்னது. பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளிகளாக்குவதா என்று குடியிருப்பு மக்கள் கொதித்தார்கள். விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் சிபிஐ விசாரணை கேட்டன. அதே நாட்களில் வழக்கோடு தொடர்புடையவை என்று சொல்லப்பட்ட ஆடியோக்களும் வீடியோக்களும் சமூக ஊடகங்களில் சுற்றத் தொடங்கின. தொலைக்காட்சிகள் அவற்றை எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டன. கோர்ட்டில் சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே மூன்று பேரின் கதையும் வீட்டுக் கூடங்களில் தீர்ப்பாகிவிட்டது.

குற்றப்பத்திரிகை என்பது போலீஸ் தன் தரப்பைச் சொல்லும் ஆவணம். அதைத் தாராளமாக எழுது. "சிபிசிஐடி குற்றம் சாட்டியிருக்கிறது" என்று எழுது. அதற்கு மேல் ஒரு சொல்லை உன் பேனா கூட்டக் கூடாது. தலைப்பு போடுவது டெஸ்க் என்றாலும் "குற்றவாளிகள்" என்று தலைப்பு வந்தால் போன் பண்ணிச் சண்டை போடு. ஆடியோ கைக்கு வந்தால் சில கேள்விகளைக் கேள். இது யாரிடம் இருந்தது? ஏன் இன்றைக்கு வெளியே வருகிறது? முழு உரையாடலா, வெட்டிய துண்டா? இதில் பேசுகிறவரிடம் கேட்டாயிற்றா? பதில் கிடைக்காத ஆடியோவை உன் பெயரில் போடாதே. விசாரணையில் இருக்கும் வழக்குகளைப் பற்றிப் போலீஸ் ஊடகங்களிடம் எந்த அளவுக்குப் பேசலாம் என்பதற்கு விரிவான வழிகாட்டுதலை உருவாக்கும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே மத்திய உள்துறையிடம் சொன்னது. போலீஸ் கசியவிடும் அரைத் தகவல், சந்தேகத்துக்கு ஆளானவரையும் பாதிக்கப்பட்டவரையும் ஒருசேரக் கெடுக்கும் என்ற கவலை அந்த உத்தரவில் இருக்கிறது.

சட்டத்தைக் கண்டு பயப்படச் சொல்லவில்லை. சட்டம் பல இடங்களில் உன் பக்கம் நிற்கிறது. ஆட்டோ சங்கர் வழக்கைப் படித்துப் பார். தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் தன் வரலாற்றை எழுதினார். அதில் போலீஸ், சிறை அதிகாரிகள் சிலரின் தொடர்புகள் வந்தன. நக்கீரன் இதழ் அதை வெளியிடப் போவதாக அறிவித்ததும், வெளியிட்டால் சட்டப்படி நடவடிக்கை என்று சிறைத்துறையிலிருந்து கடிதம் போனது. ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1994 அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, அவதூறு வரும் என்று சொல்லி அதிகாரிகள் ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. நீதிமன்றப் பதிவு உள்ளிட்ட பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம் என்றது. அரசு ஊழியர் தன் கடமையில் செய்ததைப் பற்றிய செய்தி பிற்பாடு பிழையென்று தெரிந்தால்கூட, நியாயமான அளவுக்குச் சரிபார்த்த பிறகே எழுதினேன் என்று பத்திரிகை காட்டினால் போதும் என்றது.

இந்திய அந்தரங்க உரிமைச் சட்டத்தின் அடிக்கல் என்று இந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் கொண்டாடுகிறார்கள். மாவட்ட நிருபருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கடைசிப் பகுதி. யாரைச் சந்தித்தாய், எத்தனை மணிக்குப் போன் செய்தாய், எந்த ஆவணத்தைப் பார்த்தாய், எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்பதெல்லாம் தேதியோடு உன் குறிப்பேட்டில் இருக்கட்டும். வக்கீல் நோட்டீஸ் வரும் நாளில் உன்னைக் காப்பாற்றப் போவது அந்தக் குறிப்பேடு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவாக வந்திருக்கின்றன. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் அங்கே போதாது, பொதுநலனுக்காக எழுதப்பட்டது என்றும் காட்ட வேண்டும். ஒருவர் வீட்டுச் சண்டையை எழுதுவதற்கும், ஊராட்சி நிதியை அவர் எடுத்ததை எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு அங்கே இருக்கிறது.

சட்டம் உன்னைக் கண்டிப்பாகத் தடுக்கும் இடம் ஒன்றும் உண்டு. 2020 ஜூலையில், ஊரடங்கு காலத்தில், இந்த மாவட்டத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாள். நாட்டையே உலுக்கிய கொடுமை அது. ஆனால் நீதி கேட்டு எழுதியவர்கள் அவள் பெயரையே ஹேஷ்டேக் ஆக்கினார்கள். படமும் பரவியது. போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை உண்டு. நிருபரோடு சேர்ந்து வெளியீட்டாளரும் உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும். இறந்துவிட்ட பிள்ளைக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபுன் சக்சேனா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோபத்தில் எழுதினோம், நல்லெண்ணத்தில் எழுதினோம் என்பது விலக்கு ஆகாது. அந்தக் கிராமத்தின் பெயர் இந்தக் கடிதத்தில் இல்லாததற்கும் அதுவே காரணம். சின்ன ஊரில் தெருப் பெயரைப் போட்டாலே ஆள் தெரிந்துவிடும். சென்னை டெஸ்க்குக்கு அது புரியாமல் போகலாம், உனக்குப் புரியும்.

பொன்னமராவதியை மறந்துவிடாதே. 2019 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவை ஒட்டி, ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசும் ஆடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. கூட்டம் காவல் நிலையத்தை முற்றுகையிட்டது. கல்வீச்சு நடந்தது, வாகனங்கள் நொறுங்கின, 144 தடை உத்தரவு போடப்பட்டது. அந்த ஆடியோவை எந்தப் பத்திரிகையும் தயாரிக்கவில்லை. ஆனால் அப்படி ஒன்று வந்த இரவில் அதன் வாசகத்தை எழுதுவதா, எந்தச் சாதி என்று சொல்வதா, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்வதா என்று முடிவெடுக்கப் போவது உன்னைப் போன்ற ஒருவர்தான். வசவை எழுத்தில் மறுபடி ஓட விடாதே. வதந்தி எது, உறுதியானது எது என்று பிரித்து எழுதி, எத்தனை சீக்கிரம் முடியுமோ அத்தனை சீக்கிரம் அனுப்பு. அந்த இரவில் மட்டும் உன் வேகத்துக்கு மதிப்பு உண்டு.

மக்கள் தொடர்பு அலுவலர்களைப் பகைக்கச் சொல்வதாக நினைக்காதே. அவர்கள் வேலையும் ஒரு வேலை. புயல் நாளில் எந்தப் பள்ளியில் முகாம், எந்த எண்ணுக்குப் போன் என்பதை அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த நாட்களில் அப்படிப்பட்ட ஒரு வரிக்கு எத்தனை மதிப்பு என்று கறம்பக்குடி, ஆலங்குடிப் பக்கம் கேட்டுப் பார். அரசின் செய்திக்குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு நிருபர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் இந்த மாவட்டமே சாட்சி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. பயிற்சி பெற்றோர் இத்தனை பேர், தொடங்கிவைத்தவர் இன்னார் என்று எழுதி முடித்துவிடக் கூடிய செய்தி. பத்திரிகையாளர் பி. சாய்நாத் புதுக்கோட்டைக்கு வந்து சைக்கிள் கடைக்காரரிடம் போனார். பெண்கள் சைக்கிள் விற்பனை எத்தனை மடங்கு ஏறியது என்று கேட்டார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்குவதைப் பார்த்தார். சில பெண்கள் விரும்பியே அதை வாங்கினார்கள், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் உள்ள கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதற்காக.

அந்தக் கம்பியை எந்தச் செய்திக்குறிப்பிலும் நீ பார்க்க முடியாது. பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரமும், தண்ணீர்க் குடமும், பின்னால் உட்கார்ந்த பிள்ளையும் சைக்கிளால் என்ன ஆயின என்று கேட்டதால் சாய்நாத்தின் கட்டுரை நின்றது. 1996-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இடம்பெற்று, பிறகு என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூல் வரைக்கும் போனது. அரசுத் திட்டம் ஒன்றைப் புகழ்ந்தாலும் இதழியலாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்த மாவட்டத்தில் இல்லை.

நெடுவாசலும் இதே பாடந்தான். 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு நெடுவாசலையும் உள்ளடக்கிய ஹைட்ரோகார்பன் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தந்த செய்தியைப் பார்த்துத்தான் ஊரே விழித்தது. விவசாயத்துக்கு ஆபத்தில்லை என்று தில்லியிலிருந்து விளக்கங்கள் வந்தன. அவற்றையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் நல்லாண்டார்கொல்லையில் பழைய எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்துக் குழியை நேரில் பார்த்தவர் எழுதிய செய்திக்கும், விளக்கத்தை மட்டும் வெளியிட்ட செய்திக்கும் இருந்த தூரம் எல்லோருக்கும் தெரிந்தது.

இன்னொன்று, பிரஸ் மீட் முடிந்ததும் கொடுக்கப்படும் கவர். வாங்காதே. சம்பளம் குறைவு, பெட்ரோல் காசு கூடக் கிடைப்பதில்லை என்பதெல்லாம் உண்மை. பல நிறுவனங்கள் மாவட்ட நிருபர் தலையிலேயே பொங்கல் மலர் விளம்பரத்தையும் கட்டுகின்றன என்பதும் உண்மை. அந்தக் கொடுமையை நிர்வாகத்திடம் பேசு, சங்கத்தில் பேசு. குவாரிக்காரர் கையில் வாங்கிவிட்டு குவாரியைப் பற்றி எழுத முடியாது.

குவாரி என்றதும் திருமயம் ஜகபர் அலி நினைவுக்கு வருவார். சட்டவிரோதக் கல்குவாரிகள் பற்றி மனு மேல் மனு போட்டவர், ஊடகங்களிடமும் பேசியவர். 2025 ஜனவரி 17 அன்று டிப்பர் லாரி மோதி இறந்தார். முதலில் விபத்தாகப் பார்க்கப்பட்ட சாவு, மனைவியின் புகாருக்குப் பிறகு கொலை வழக்கானது. குவாரி உரிமையாளர் உள்ளிட்டோர் கைதானார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. "லாரி மோதி ஒருவர் பலி" என்ற நாலு வரியோடு நின்றிருக்கக் கூடிய செய்தி அது. உன் ஊரில் ஒருவர் திரும்பத் திரும்ப மனுப் போடுகிறார் என்றால், அந்த மனுக்களின் நகலை அவர் உயிரோடு இருக்கும்போதே வாங்கிப் படித்து எழுது.

வேங்கைவயல் வழக்கையும் திருமயம் வழக்கையும் உன் டைரியில் குறித்துக்கொள். வாய்தா இருக்கும் நாட்களில் கோர்ட்டுக்குப் போ. மைக்குகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு சாட்சிக் கூண்டில் என்ன சொல்லப்படுகிறது என்பதைப் புதுக்கோட்டை மக்களுக்குச் சொல்ல மாவட்ட நிருபரை விட்டால் வேறு ஆள் கிடையாது. மாதத்தில் ஒரு நாளாவது செய்திக்குறிப்பு எதையும் தொடாமல், இதுவரை எந்தப் பத்திரிகையிலும் பெயர் வராத ஒரு ஊருக்குப் போய்வர உன் செய்தி ஆசிரியரிடம் அனுமதி கேள். தரமாட்டேன் என்றால் வார விடுமுறையில் போ.