காற்றில் பிள்ளையார் பிடிக்கலாமா?

கையில் பிடித்து அசைக்கிற மோஷன் கன்ட்ரோலரைக் கொண்டு வீடியோ கேமுக்குள் சிற்பம் செய்வது பற்றிக் கேட்டு, இந்த முறை எல்லையோர ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. இடுக்கி மலையிலிருந்து மூன்று, பாலக்காட்டுப் பக்கமிருந்து மூன்று. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: துபாயிலிருந்து வந்த மாமா தன் பழைய பிளேஸ்டேஷன் 4, கேமரா, இரண்டு மூவ் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் எனக்கே கொடுத்துவிட்டார். ‘ட்ரீம்ஸ்’ விளையாட்டில் வரையாடு செய்து பார்க்கிறேன். ஒரு வாரமாகியும் தலையணைக்குக் கொம்பு முளைத்த மாதிரிதான் வருகிறது. எங்கே தப்பு?
– கல்லூரி மாணவர், மூணாறு

பதில்: தம்பி, கொம்பிலிருந்து தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் அப்படித்தான். யானை என்றால் தும்பிக்கை, மயில் என்றால் தோகை. மண்பொம்மை செய்கிறவர் முதலில் உடம்புக்கான உருண்டையைப் பிடித்து வைப்பார். கண்ணும் காதும் அவருக்குக் கடைசி வேலை.

இரவிகுளத்தில், ராஜமலைப் பாதையோரம் வரையாட்டை எத்தனையோ தடவை பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். கட்டுமஸ்தான உடம்பு, குட்டைக் கால், கடாவுக்குத் தடித்த கழுத்து. இதற்கு மூன்று முட்டை வடிவம் போதும். மார்புக்குப் பெரியது, இடுப்புக்கு அதைவிடச் சின்னது, கழுத்துக்கு ஒன்று. ‘சாஃப்ட் பிளெண்ட்’ வசதியைக் கொஞ்சம் ஏற்றினால், முட்டைகள் சேருமிடம் பிசைந்த மாவு ஒட்டியதுபோல இழையும். நிறைய ஏற்றினால் தோளும் இடுப்பும் கரைந்து ஒன்றாகிவிடும். உங்கள் தலையணை அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்.

இனி கொம்பு. வரையாட்டின் கொம்பு முறுக்கிக்கொள்ளாது. ஒரே வளைவாகப் பின்னால் சாயும். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் அந்த வளைவு நெளிந்துவிடும். முழங்கையை விலாவில் ஒட்டி வைத்துக்கொண்டு முன்கை முழுவதையும் ஒரே வீச்சில் இழுத்துப் பாருங்கள். முழங்கை காம்பஸின் முள், கையிலிருக்கும் கன்ட்ரோலர் பென்சில்! வளைவு தானாக வந்து விழும். அடியில் தடிமனாகவும் நுனியில் மெலிதாகவும் வர, மூன்று அளவு உருண்டைகளால் மூன்று துண்டாக இழுங்கள். கண்ணாடி வசதியைப் போட்டிருந்தால் மறுபக்கக் கொம்பும் கூடவே வளரும். பிறகு கண்ணாடியை அணைத்துவிட்டு ஒரு கொம்பு நுனியை மட்டும் லேசாகத் தேய்த்துவிடுங்கள். பாறையில் உரசி வாழ்கிற விலங்கு அது. இரண்டு பக்கமும் ஒரே அச்சாக இருந்தால் கடைப் பொம்மையாகிவிடும்.

வளர்ந்த கடா என்றால் கருத்த உடம்பில், முதுகில் சேணம் போட்டதுபோல ஒரு வெள்ளி நரை உண்டு. அந்த வண்ணத்தைக் கடைசியில் பூசுங்கள். ஊர்க்காரர்கள் பார்த்ததும் பெயர் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: கன்ட்ரோலரை அசைக்காமல் பிடித்திருந்தாலும் திரையில் ‘கை’ மெதுவாக நகர்ந்து போகிறது. சாயங்காலத்தில் ரொம்ப மோசம். கடைக்காரர் ‘சென்சார் போச்சு’ என்கிறார். புதிது வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பொறுங்கள். சாயங்காலம் மட்டும் போய், காலையில் திரும்பி வருகிற சென்சாரை நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டு மேற்கு ஜன்னலைப் பார்த்தீர்களா?

2006-ல் நின்டெண்டோவின் வீ வந்தபோதுதான் கையசைவால் விளையாடுவது வீட்டுக்கு வீடு பரவியது. 2010-ல் சோனி கொண்டுவந்த மூவ் கன்ட்ரோலர் அதைவிட நுணுக்கமானது. அதன் தலையில் ஒளிரும் பந்து எதற்கென்று நினைக்கிறீர்கள்? அழகுக்கு அல்ல. கேமராவின் கண்ணில் பந்து எங்கே இருக்கிறது என்பதிலிருந்து மேல், கீழ், இடம், வலம் தெரிகிறது. எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதிலிருந்து, நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பது தெரிகிறது. கேமராவுக்கு எதிரே சாயங்கால வெயிலோ பளபளக்கும் கண்ணாடியோ இருந்தால் பந்தின் விளிம்பு அதற்குக் குழம்பிவிடும். திரைச்சீலை போட்டுவிட்டு ஒருநாள் பாருங்கள்.

இன்னொன்று. கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உள்ளே இருக்கும் ஜைரோ சொல்கிறது. அது அளப்பது திரும்பும் வேகத்தை மட்டுமே. கோணத்தைக் கூட்டிக் கூட்டித்தான் கணக்கிட வேண்டும். மளிகைக் கடைப் பற்றுவரவில் ஒவ்வொரு வரியிலும் பத்துப் பைசா தப்பினால் மாதக் கடைசியில் என்ன ஆகும்? அதே கதைதான். இந்தத் தப்பைத் திருத்துவதற்காகவே மூவுக்குள் ஒரு திசைகாட்டி வைத்திருக்கிறார்கள். அதை ஸ்டீல் பீரோ, ஸ்பீக்கர் போன்றவற்றின் பக்கத்தில் வைத்துப் பயன்படுத்தினால் திசைகாட்டியும் தடுமாறும். ஆகவே மூன்று காரியம்: வெயிலை மறைப்பது, பீரோவிலிருந்து தள்ளி உட்காருவது, மறுபடி கேலிபரேட் செய்வது. மூன்றும் செய்த பிறகும் நகர்ந்தால் கடைக்காரர் சொல்வதை நம்பலாம்.

கேள்வி: எங்கள் ஊர் முனியறையை ட்ரீம்ஸில் கட்ட ஆசை. கல்லெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி வழுவழு என்று இருக்கிறது. நாலு கல் வைப்பதற்குள் தெர்மாமீட்டர் ஏறிவிடுகிறது. செய்ததை ஃபைலாக எடுத்து 3டி பிரிண்ட் போட முடியுமா?
– ஆசிரியர், மறையூர்

பதில்: நல்ல பாடம் எடுத்திருக்கிறீர்கள், சார். சுற்றிலும் நான்கு பலகைக் கற்கள், மேலே மூடுகல் ஒன்று. பெருங்கற்கால மனிதர்கள் இதைவிடச் சுருக்கமாக ஓர் அறையைச் சொல்லியிருக்க முடியாது.

வழுவழுப்புக்குக் காரணம் நீங்கள் கூட்டிக்கொண்டே போவது. களிமண்ணில் சேர்த்துச் செய்கிறோம். கல்லில் கழித்துச் செய்கிறோம். ட்ரீம்ஸில் இரண்டும் உண்டு. அந்த விளையாட்டு உருவத்தைத் தோலாக நினைவில் வைப்பதில்லை. வெளியிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற தூரக் கணக்காகவே வைக்கிறது. அதனால் ஒன்றோடொன்று சேர்ப்பதும் ஒன்றிலிருந்து குடைவதும் கிழியாமல், ஓட்டை விழாமல் நடக்கும். முதலில் தட்டையான பெட்டி ஒன்று வையுங்கள். பிறகு கழிக்கும் நிலைக்கு மாறி, கோணல்மாணலான சின்ன வடிவங்களால் விளிம்பை உளியால் கொத்துவதுபோலக் கொத்துங்கள். இங்கே சாஃப்ட் பிளெண்ட் சுத்தமாக வேண்டாம்.

தெர்மாமீட்டர் என்பது காட்சி எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்று காட்டும் அளவுகோல். ஐந்து கல்லுக்கு ஐந்து சிற்பம் செய்ததால்தான் ஏறுகிறது. ஒரே ஒரு கல்லைக் கருத்தாகச் செய்து, அதையே பிரதியெடுத்துத் திருப்பியும் கவிழ்த்தும் வையுங்கள். பிரதிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. முன்பக்கம் ஒரு முகம், பின்பக்கம் வேறு முகம் என்று கொத்தியிருந்தால் ஐந்தும் ஒரே கல் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் ஊர்ப் பாறைமேல் பல அறைகள் சரிந்து கிடக்கின்றன. அவற்றையும் அதே கல்லால் சாய்த்துவிடலாம். போட்டோ எடுக்கும்போது மேலே ஏறிவிடாதீர்கள், மாணவர்களையும் ஏறவிடாதீர்கள்.

கடைசிக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் கசக்கும். ட்ரீம்ஸில் செய்ததை 3டி ஃபைலாக வெளியே எடுக்க வழி தரவில்லை. இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் இருக்கும் மீடியா மாலிக்யூல் 2020 பிப்ரவரி 14 அன்று வெளியிட்ட விளையாட்டு இது. 2023 செப்டம்பர் 1 முதல் புதிய வசதிகள் சேர்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். கற்றுக்கொள்ள இன்றும் அருமையான இடம். காலத்துக்கும் சேமித்து வைக்க ஏற்றது அல்ல. அச்சடிப்பதுதான் நோக்கம், அதையும் கையசைவாலேயே செய்ய வேண்டும் என்றால் கணினியும் விஆர் ஹெட்செட்டும் வேண்டும். 2016-ல் ஆக்யுலஸ் ‘மீடியம்’ என்ற சிற்ப மென்பொருளைக் கொண்டுவந்தது. அதை 2019-ல் அடோபி வாங்கியது. பிறகு 2022-ல் அடோபி ‘சப்ஸ்டன்ஸ் 3டி மாடலர்’ வெளியிட்டது. அங்கே செய்வதை ஃபைலாக எடுக்கலாம். பழகிய கை வீண்போகாது. கூட்டலும் கழித்தலும் எங்கும் ஒன்றுதான்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. அவளுடைய அண்ணனின் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் காற்றைப் பிசைகிறாள். தோள் வலிக்கிறது என்கிறாள். இதனால் கலை வருமா, வெறும் கைவலிதான் வருமா?
– ஒரு தாய், வண்டிப்பெரியாறு

பதில்: அம்மா, இரண்டும் வரும். எது முதலில் வரவேண்டும் என்பது உங்கள் கையில்.

வலிக்குக் காரணம் எளிது. மண் பிசைகிறவரின் கையை மேசையும் மண்ணும் தாங்குகின்றன. காற்றில் செய்கிறவளின் கையை அவள் தோள்தான் தாங்கவேண்டும். கை வைத்த நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். முழங்கை ஓய்வாக இருக்க, உருவத்தையே சின்னதாக்கி மடிக்கு நேரே இழுத்துக்கொள்ளலாம். ஒரு கையால் உருவத்தைப் பிடித்துத் திருப்பி, மறு கையால் வேலை செய்யலாம். அதைச் சுற்றி இவள் நடக்கத் தேவையில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஹெட்செட்டைக் கழற்றட்டும். வலி அப்படியும் நீடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

கலை விஷயம்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. கன்ட்ரோலருக்குக் கை எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் கைக்கு எதுவும் தெரிவதில்லை. மண் எதிர்த்துத் தள்ளும், வழுக்கும், காய்ந்தால் வெடிக்கும். அந்த எதிர்ப்பிலிருந்துதான் விரல் அளவு கற்கிறது. கன்ட்ரோலர் அதிகம் போனால் ஒரு முறை அதிரும். இந்தக் குறை வல்லுநர்களுக்கும் தெரியும். 1990-களில் அமெரிக்காவின் எம்ஐடியில் ‘ஃபேன்டம்’ என்ற கருவி உருவானது. பேனா போன்ற அதன் முனையைத் திரையிலுள்ள உருவத்தில் அழுத்தினால், கருவி திருப்பி அழுத்தும். அதைக் கொண்டு கணினிக் களிமண்ணைத் தொட்டு வடிக்க மென்பொருளும் வந்தது. ஆனால் வீட்டுக்கு வாங்குகிற விலையில் அது கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டுக்கு அது தேவையும் இல்லை. ஒரு கூடை குயவர் மண் வாங்கிப் போடுங்கள். காலையில் மண்ணில் ஒரு மாம்பழம், மாலையில் அதே மாம்பழம் காற்றில். எங்கே அழுத்தினால் கன்னம் விழும் என்று விரல் மண்ணில் கற்றுக்கொண்டதை, கை காற்றில் நினைவுபடுத்திக்கொள்ளும். ஒரே மாம்பழத்தை இருபது வடிவமாக மாற்றிப் பார்க்கும் தைரியத்தை, அழித்தால் திரும்பி வருகிற திரை கொடுக்கும். மண்ணுக்கு அந்தத் தாராளம் கிடையாது. இரண்டு பள்ளிக்கூடத்திலும் படிக்கட்டும்.

கேள்வி: செய்த பொம்மையை ஆட வைப்பது எப்படி? ஒவ்வொரு நிலையாக அமைத்து அமைத்து அலுத்துவிட்டது.
– வாசகர், பருத்திப்புள்ளி, பாலக்காடு

பதில்: கொல்லன் தெருவில் ஊசி விற்கச் சொல்கிறீர்கள்! கையுறைப் பொம்மையாட்டமான பாவக்கதகளிக்குப் பேர்போன ஊரிலிருந்தா இந்தக் கேள்வி? சுட்டுவிரல் பொம்மையின் தலைக்குள், கட்டைவிரலும் நடுவிரலும் அதன் கைகளுக்குள். மூன்று விரலில் ஒரு கதகளி வேஷம் மூச்சு விடுவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள்.

அதையே இங்கும் செய்யுங்கள். ட்ரீம்ஸில், நீங்கள் கன்ட்ரோலரால் ஒரு பொருளை அசைக்க அசைக்க அந்த அசைவைப் பதிவு செய்கிற ரெக்கார்டர் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 4-ஐ அறிமுகப்படுத்திய விழாவிலேயே மூவ் கன்ட்ரோலரால் சிற்பம் செய்வதையும் பொம்மைகளை ஆட்டுவதையும் மேடையில் காட்டினார்கள். முதல் சுற்றில் தலையை மட்டும் ஆட்டிப் பதியுங்கள். அடுத்த சுற்றில் தலை ஓடிக்கொண்டிருக்க வலக்கை, அப்புறம் இடக்கை. செண்டை மேளம் ஒன்றைப் பக்கத்தில் ஓடவிட்டால் மூன்றும் ஒரே தாளத்தில் விழும். கொஞ்சம் பிசிறும். அந்தப் பிசிறைத் துடைத்துவிடாதீர்கள். பொம்மைக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான் என்று காட்டுவது அதுதான்.

கேள்வி: கன்ட்ரோலரும் இல்லை, ஹெட்செட்டும் இல்லை, வாங்கக் காசும் இல்லை. எனக்கு என்ன வழி? இன்னொன்று: வீட்டில் பழைய கணினியில் பிள்ளையார் பிடித்தேன், நிஜமாகவே குரங்காகிவிட்டது. அழித்துவிடட்டுமா?
– பிளஸ் டூ மாணவி, வேலந்தாவளம்

பதில்: ‘பிளெண்டர்’ என்ற 3டி மென்பொருள் இலவசம், அதன் சிற்பப் பகுதி சாதாரண மவுஸிலும் ஓடும். பழைய கணினி என்பதால் உருவத்தை ரொம்ப நுணுக்கமாகப் பிளக்காதீர்கள், திணறும். அண்ணனோ சிநேகிதியோ ஒருநாள் கன்ட்ரோலர் தந்தால் அன்று கையை வீசிப் பாருங்கள். அதுவரை கண்ணைப் பழக்குங்கள்.

குரங்கை அழிக்காதீர்கள், பாப்பா. அதை ‘குரங்கு 1’ என்று பெயரிட்டுத் தனியாகச் சேமியுங்கள். தொப்பை எந்த இடத்தில் மெலிந்தது, தும்பிக்கை எப்போது வாலானது என்று அடுத்த முறை பிடிக்கும்போது பக்கத்தில் திறந்து வைத்துப் பார்க்கலாம். ‘பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது’ என்ற பழமொழியை முதலில் சொன்னவருக்கு அந்த வசதி இல்லை. மண்ணைத் திரும்பப் பிசைந்து உருட்டிவிட்டதால் அவருக்குக் குரங்கும் மிஞ்சவில்லை.