பழைய கேசட்டும் டேப் ரெக்கார்டரும்: பாதுகாக்க 12 குறிப்புகள்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட், எண்பதுகளில் நம் வீடுகளில் கோலோச்சியது. வளைகுடாவிலிருந்து வந்த, ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன், பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய கேசட், கல்யாண வீட்டில் ஒலித்த கதை வசனம் என்று ஒரு தலைமுறையின் காது அதில்தான் வளர்ந்தது. அந்தச் சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலானவை இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. பாட்டி பாடிய தாலாட்டும், வெளிநாட்டில் இருந்தவருக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய குரலும் அப்படிக் கிடைக்காது. அவை உங்கள் வீட்டுக் கேசட்டில் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றுக்காகவே இந்தக் குறிப்புகள்.

1. முதலில் தரம் பிரியுங்கள். கடையில் வாங்கிய கேசட்டுகளைத் தனியாகவும், வீட்டில் பதிந்தவற்றைத் தனியாகவும் வையுங்கள். நேரமும் செலவும் முதலில் வீட்டுப் பதிவுகளுக்கே போகட்டும். மேலே சினிமாப் பாட்டு என்று எழுதியிருந்தாலும் இரண்டு பக்கத்தையும் கடைசிவரை கேட்டுப் பாருங்கள். மிச்சமிருந்த இடத்தில் குழந்தையின் மழலையைப் பதிந்து வைத்த வீடுகள் நிறைய.

2. கேசட்டின் முதுகுப்புறத்தில் இரண்டு ஓரங்களிலும் சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள். அதன்பிறகு யாராவது தவறிப்போய் ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழுந்தாது. பழைய குரல் அழியாது.

3. பல வருடம் கிடந்த கேசட்டை எடுத்தவுடன் ஓட்டாதீர்கள். கண்ணாடிப் பகுதி வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். டேப் சுருளின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால், டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் கேசட்டுகளுக்கும் பரவும். அப்படிப்பட்டதைத் தனி உறையில் போட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

4. திறந்திருக்கும் விளிம்பின் நடுவில், டேப்புக்குப் பின்னால், சின்னப் பஞ்சுப் பட்டை ஒன்று தெரியும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். அது விழுந்திருந்தால் சத்தம் மங்கும், விட்டுவிட்டுக் கேட்கும். வேண்டாத கேசட் ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். டேப் தொய்ந்திருந்தால் ஆறுபட்டைப் பென்சிலைத் துளையில் விட்டுச் சுற்றி இறுக்குங்கள். பிறகு முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்க ஓட்டிவிட்டுக் கேளுங்கள்.

5. டேப் ரெக்கார்டரைப் பரணிலிருந்து இறக்கியதும் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி கசிந்து கம்பிகள் பச்சை பிடித்திருந்தால் சுத்தம் செய்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். போனால் போகட்டும் என்கிற கேசட் ஒன்றைப் போட்டு, இரு பக்கமும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அரிய கேசட்டைக் கையில் எடுங்கள்.

6. ஹெட்டில் படிகிற பழுப்பு அழுக்கு, டேப்பிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. அது சேரச் சேர கீச்சென்ற உயர்ந்த ஓசைகள் முதலில் மறையும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டையும், பக்கத்தில் சுழலும் மெல்லிய உலோகத் தண்டையும் துடையுங்கள். பழுப்பு ஒட்டுவது நிற்கும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். ரப்பர் ரோலரை ஆல்கஹால் உலர்த்திவிடும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியே அதற்குப் போதும். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு கேசட்டைப் போடுங்கள். மண்ணெண்ணெய், சென்ட், தேங்காய் எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது.

7. காந்தம் ஏறிய ஸ்க்ரூ டிரைவரை ஹெட்டுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். டேப்பில் குரல் நிற்பதே காந்தப் பதிவாகத்தான். அதே காரணத்தால் ஸ்பீக்கர் மேல் கேசட்டை அடுக்குவதும் தவறு.

8. பாட்டு இழுத்து இழுத்துக் கேட்டால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும். கேசட் டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் குரல் மாறிவிடும். பழைய பெல்ட் சில சமயம் உருகித் தார் போல ஒட்டிக்கிடக்கும். அதைத் துடைத்தெடுத்துவிட்டு, அதே அளவுள்ள டேப் ரெக்கார்டர் பெல்ட்டை வாங்கிப் போடுங்கள். சாதாரண ரப்பர் பேண்டு சீராகச் சுற்றாது.

9. டேப் சிக்கிக்கொண்டால் உடனே நிறுத்துங்கள்; கேசட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ரோலரில் சுற்றியதை விரலால் மெல்ல விடுவித்து, முறுக்கு இல்லாமல் பென்சிலால் உள்ளே சுற்றுங்கள். 120 நிமிட கேசட்டில் டேப் மிகவும் மெலிசு, சீக்கிரம் சிக்கும். 60 நிமிடத்தில் சற்றுத் தடிமன் என்பதால் அது தாக்குப் பிடிக்கும்.

10. டேப் அறுந்தால் குரல் போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். கேசட்டின் திருகாணிகளைக் கழற்றி, அறுந்த முனைகளைச் சாய்வாக வெட்டிச் சேர்த்து, ஹெட்டைத் தொடாத உட்பக்கத்தில் ஸ்பிளைசிங் டேப் ஒட்டுங்கள். சாதாரண செல்லோ டேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றிலும் ஒட்டிவிடும். ஒட்டிய கேசட்டை அடிக்கடி கேட்காமல், முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துவிடுங்கள்.

11. கேட்டு முடித்ததும் பாதியில் நிறுத்தி வைக்காமல், ஒரு பக்கத்தின் முடிவுவரை ஓட்டி எடுங்கள். உறையில் போட்டுப் புத்தகம் போல நிறுத்தி அடுக்குங்கள். வெயில் தாக்கும் ஓட்டுக்கூரைப் பரண், நிறுத்தி வைத்த கார், சமையலறைச் சுவர் மூன்றும் ஆகாது. மழைக்காலத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கூடவே போடுங்கள்.

12. எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் டேப் நாளுக்கு நாள் தேயும். ஆகவே கணினிக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். டேப் ரெக்கார்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன் துளைக்கு 3.5 மி.மீ. ஒயர் போட்டு, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் பதியலாம். ஒலி அளவு சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேவ் கோப்பாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 600 எம்.பி. பிடிக்கும். இரைச்சலை நீக்குவதையெல்லாம் அதன் பிரதியில் மட்டும் செய்யுங்கள். வெவ்வேறு இடங்களில் இரண்டு மூன்று பிரதிகள் இருக்கட்டும், கேசட்டையும் எறிந்துவிடாதீர்கள். பதியும்போதே வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, பேசுவது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குரல்களை அடையாளம் சொல்ல வேறு யாராலும் முடியாது.